டோர் வயரை எங்கேர்ந்து எடுத்தீங்க?

ஐப்பசி, கார்த்திகை வந்தாலே எனக்கு ஒரு கோபம் வரும். மழை மேல இல்லைங்க. கார் அலாரம் மேல.

நடுராத்திரி. மழை சோன்னு ஊத்துது. கீழ பார்க்கிங்ல ஒரு கார் கத்த ஆரம்பிக்குது. முதல்ல ஊய்ங் ஊய்ங். அப்புறம் பீப்பீப்பீ. அப்புறம் ஆம்புலன்ஸ் சத்தம். (அந்த வரிசை நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். எங்க தெருப் பசங்க அதை அப்படியே வாயால பாடுவாங்க.)

யாராவது எழுந்து எட்டிப் பாக்குறோமா? தலகாணியைக் காதுல அமுக்கிட்டு திரும்பிப் படுக்குறோம். நெஜமாவே ஒருத்தன் வந்து கதவைத் திறந்திருந்தாலும் நாம அப்படித்தான் படுத்திருப்போம்.

காசு கொடுத்து மாட்டின ஒரு பொருள், அது கத்தவேண்டிய நேரத்துலயும் யாரும் நம்பாத மாதிரி ஆகிப்போச்சு. இதுக்குக் காரணம் அலாரம் பெட்டின்னு எல்லாரும் நினைக்கிறாங்க. நான் பார்த்த வரைக்கும், பெட்டி பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கு. கதவு திறந்திருக்கா மூடியிருக்கான்னு பெட்டிக்குச் சொல்ற ஒரே ஒரு வயர் இருக்கே, அதை எங்கேர்ந்து எடுத்தாங்க, எப்படி எடுத்தாங்க... அங்கதான் எல்லாமே கெட்டுப்போகுது.

இப்போ இதை எழுதக் காரணம் எங்க மாமா. (அக்கா வீட்டுக்காரர். சென்னையில மாமான்னுதான் கூப்பிடுவோம்.) அவரோட பழைய கார், போன மழைக்காலத்துல ராத்திரி ராத்திரி கத்திச்சு. மாட்டின கடைக்காரர் ஷாக் சென்சாரை மாத்தினார். அப்பவும் கத்திச்சு. ரிமோட் கோளாறுன்னு சொல்லி ரிமோட்டை மாத்தினார். அப்பவும் கத்திச்சு. கடைசியில சைரன் வயரையே புடுங்கிவிட்டு, "இப்ப பாருங்க சார், அமைதியா இருக்கும்"ன்னாராம்.

மாமா எனக்கு போன் பண்ணி, "மாப்ள, உன் மல்டிமீட்டரை எடுத்துட்டு ஞாயித்துக்கிழமை வாயேன்"ன்னார்.

கூப்பிட்டா போகாம இருப்பனா!

போறதுக்கு முன்னாடி உங்களுக்குக் கொஞ்சம் அடிப்படை சொல்லிடறேன். தெரிஞ்சவங்க மூணு பாரா தாண்டிப் போங்க.

பழைய மாடல், சின்ன மாடல் கார்ல கதவைத் திறந்தா, கதவு வந்து உட்கார்ற தூண்ல ஒரு சின்ன ரப்பர் குமிழ் மாதிரி ஒண்ணு துருத்திட்டு இருக்கும். அதுதான் டோர் சுவிட்ச். கதவு மூடினா உள்ள அமுங்கும். திறந்தா ஸ்பிரிங் வெளிய தள்ளும். அதுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு வயர்தான். இன்னொரு முனை, அதைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ வழியா காரோட பாடிக்கே எர்த் ஆகிடும்.

ரூம் லைட்டுக்கு 12 வோல்ட் எப்பவும் ஃப்யூஸ் வழியா வந்துட்டே இருக்கும். அது பல்பைத் தாண்டி, பல்பு பக்கத்துல இருக்கிற மூணு நிலை சுவிட்சைத் தாண்டி (ஆன், டோர், ஆஃப்), கீழ இறங்கி, டோர் சுவிட்ச்ல வந்து காத்திருக்கும். கதவைத் திறந்தா எர்த் கிடைக்கும், லைட் எரியும். ஆக, கதவு மூடியிருக்கும்போது அந்த வயர்ல 12 வோல்ட். திறந்தா சுழியம். இதைத்தான் நெகட்டிவ் டிரிகர்னு சொல்றாங்க. இந்தியாவுல நான் கை வச்ச கார்ல பெரும்பாலும் இதுதான். தலைகீழா, மூடினா சுழியம், திறந்தா 12 வோல்ட் வர்றதும் உண்டு, அது பாசிட்டிவ் டிரிகர். அமெரிக்கால பழைய ஃபோர்டு வண்டிங்க நிறைய இந்த ரகம்.

அலாரம் பெட்டியில ரெண்டுக்கும் தனித்தனி வயர் இருக்கும். வைப்பர் மாதிரி அமெரிக்க பிராண்டுகள்ல பச்சை நெகட்டிவ், ஊதா பாசிட்டிவ். நம்ம ஊர்ல கிடைக்கிற பெட்டிங்கள்ல கம்பெனிக்கு ஒரு கலர். அதனால கலரை நம்பாதீங்க. டப்பாக்குள்ள வர்ற படத்தைப் பாருங்க. படத்தை தூக்கிப் போட்டுட்டு மாட்டுற ஆளைப் பாத்தா எனக்கு பயமா இருக்கும்.

சரி, ஞாயித்துக்கிழமைக்கு வரேன்.

மாமா கார்ல டேஷ்போர்டு கீழ குனிஞ்சு பார்த்தா, அலாரத்தோட டோர் வயர் மேல கூரைக்குப் போகுது. ரூம் லைட்டைக் கழட்டிப் பார்த்தேன். பல்புக்கும் மூணு நிலை சுவிட்சுக்கும் நடுவுல போட்டு முறுக்கி, டேப் சுத்தியிருக்கு.

கடைக்காரங்களுக்கு இது ரொம்ப சுலபமான இடம். லைட் கவரைக் கழட்டினா வயர் கண்ணு முன்னாடி. கீழ கால் பக்கத்து ட்ரிம்மைப் பிரிக்கவேண்டாம், மேட்டைத் தூக்கவேண்டாம். அஞ்சு நிமிஷ வேலை.

ஆனா என்ன ஆகும்னு யோசிங்க. பேட்டரி இறங்கிடும்னு ராத்திரி அந்த லைட் சுவிட்சை ஆஃப்ல தள்ளிட்டுப் போற வீடு எத்தனை! (எங்க அக்கா ஞாபகம் வந்தா தள்ளுவா.) ஆஃப்ல தள்ளின உடனே, அலாரத்துக்கும் டோர் சுவிட்சுக்கும் இருக்கிற உறவு அறுந்துபோச்சு. கதவை விரியத் திறந்து வச்சாலும் அலாரத்துக்குத் தெரியாது.

"அப்ப இவ்ளோ நாள் எப்படிடா கதவைத் திறந்தா கத்திச்சு?"ன்னு மாமா கேட்டார்.

நல்ல கேள்வி. பதில்: ஷாக் சென்சார்.

கதவைப் பிடிச்சு இழுக்கும்போது வண்டி ஆடுது. ஆட்டத்துல ஷாக் சென்சார் கத்துது. நாம, ஆஹா, கதவைத் திறந்ததை கண்டுபிடிச்சிருச்சுன்னு சந்தோஷப்பட்டு காசு கொடுத்துட்டு வர்றோம். கடையில டெமோ காட்டும்போது பானெட்ல ஒரு தட்டு தட்டுவாங்களே, அதுவும் இதேதான். பூட்டை நிதானமா திறந்து, வண்டி அசையாம உள்ள உட்கார்றவனை ஷாக் சென்சாரால பிடிக்கவே முடியாது. அதைப் பிடிக்கவேண்டியது டோர் வயர்.

அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணுதான். ஷாக் சென்சார் பிளக்கைக் கழட்டி வச்சுட்டு டெஸ்ட் பண்ணுங்க. (சில பெட்டியில அது உள்ளேயே இருக்கும். அப்ப அதோட திருகைக் கடைசி வரைக்கும் குறைச்சு விடுங்க.) டெஸ்ட் பண்ற கதவோட கண்ணாடியை இறக்கி வச்சு, வெளிய நின்னு ரிமோட்ல லாக் பண்ணி, ஒரு நிமிஷம் விடுங்க. அப்புறம் கையை உள்ள விட்டு மெதுவா கதவைத் திறங்க. ரூம் லைட் சுவிட்ச் டோர்ல இருக்கும்போது ஒரு தடவை, ஆஃப்ல இருக்கும்போது ஒரு தடவை. நாலு கதவுக்கும். அப்ப தெரியும், நீங்க அலாரம் வாங்கினீங்களா வெறும் சைரன் வாங்கினீங்களான்னு.

மாமா கார், சுவிட்ச் ஆஃப்ல இருந்தப்ப சுத்தமா ஃபெயில்.

ஆனா இது அவருக்குக் கண்ணுல படாத கோளாறு. அவரோட தொந்தரவு மழை ராத்திரில கத்துறது. அதைத் தேடினதுதான் எனக்கு இந்த வேலையிலேயே ரொம்பப் பிடிச்ச பகுதி.

வயரை கீழ டோர் சுவிட்ச் பக்கத்துக்கு மாத்திட்டு, அந்த லைன்ல மீட்டரை வச்சேன். எல்லாக் கதவும் மூடி, கிட்டத்தட்ட 12 வோல்ட். அருமை. அப்புறம் ஒரு சொம்புத் தண்ணியை டிரைவர் பக்கத் தூண் வழியா, டோர் சுவிட்ச் மேல படுற மாதிரி ஊத்தினேன். (மாமா முகத்தைப் பார்க்கணுமே!) கதவை மூடினேன். மீட்டர்ல 4 வோல்ட் சொச்சம்.

கதவு மூடித்தான் இருக்கு. ஆனா அலாரத்துக்கு அது திறந்த மாதிரி தெரியுது.

சுவிட்சோட ரப்பர் மூடி கிழிஞ்சிருந்தது. உள்ள துரு, ஈரம். ஈரம் வழியா கொஞ்சூண்டு கரண்ட் எர்த்துக்குக் கசியுது. சரி, ஆனா இவ்ளோ சின்னக் கசிவுக்கு 12 வோல்ட் எப்படி 4 ஆகும்? பழைய ரூம் லைட் பல்பு 10 வாட் மாதிரி இருக்கும். எரியாம குளிர்ந்திருக்கும்போது அதோட ரெசிஸ்டன்ஸ் ரொம்ப ரொம்பக் குறைவு. இந்த மாதிரி சின்னக் கசிவு இழுத்தாலும் பல்பு அந்த லைனை 12லேயே பிடிச்சு நிறுத்திடும். அந்த ரெசிஸ்டன்ஸ் குறைவுதான் இந்த லைனோட காவல்.

அப்பதான் மேல இருந்த பல்பை உத்துப் பார்த்தேன். வெள்ளை எல்இடி.

"மாமா, இதை எப்ப மாத்துனீங்க?"

"தீபாவளிக்கு முன்னாடி. நல்லாருக்கில்ல?"

நல்லாத்தான் இருந்தது. ஆனா எல்இடி வேற ஜாதி. இந்த மாதிரி கார் எல்இடியில பெரும்பாலும் மூணு மூணா வரிசையில கோத்திருப்பாங்க. ஒரு மில்லி ஆம்பியர் போனாலே, அந்த மூணும் சேர்ந்து எட்டு வோல்ட்டை முழுங்கிடும். மிச்சம் நாலு. கணக்கு கச்சிதமா உட்கார்ந்துச்சு. பழைய பல்பைத் தேடி எடுத்து (அக்கா எதையும் தூக்கிப் போடமாட்டா, அவ நல்லாருக்கணும்) மாட்டினேன். அதே ஈரம், அதே சுவிட்ச். மீட்டர்ல 12.

எனக்கு அந்த இடத்துலயே குதிக்கணும் போல இருந்துச்சு.

உங்க கார்லயும் இப்படி இருக்கான்னு பார்க்க மீட்டர்கூட வேண்டாம். மழை பெய்ஞ்ச ராத்திரி, கதவெல்லாம் மூடி, ரூம் லைட் சுவிட்சை டோர்ல வச்சு, இருட்டுல லைட்டைப் பாருங்க. எல்இடி லேசா மங்கலா எரிஞ்சிட்டிருந்தா, கசிவு இருக்கு.

தீர்வு? முதல்ல சுவிட்சை மாத்துங்க. சென்னை ஜி.பி. ரோட்டுல கிடைக்கும், பெரிய விலை இல்ல. ரப்பர் மூடி முழுசா இருக்கான்னு பார்த்து வாங்குங்க. எல்இடியை விட மனசில்லேன்னா, 12 வோல்ட்டுக்கும் டோர் லைனுக்கும் நடுவுல ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்க. கால் வாட் போதும். கதவு திறந்திருக்கும்போது மட்டும் 12 மில்லி ஆம்பியர் எடுக்கும், அவ்ளோதான். பழைய பல்பு பார்த்த காவலை அது பார்த்துக்கும். மாமா எல்இடியை விடல. ரெசிஸ்டர் போட்டோம். ரிட்சி தெருவுல இதெல்லாம் சில்லறைக் காசு.

இதுக்கு நேர் எதிர்க் கோளாறும் இருக்கு. டிங்கரிங், பெயிண்டிங் முடிஞ்சு வந்த வண்டி. சுவிட்ச் ஓட்டையைச் சுத்திப் பட்டியும் பெயிண்ட்டும் ஏறியிருக்கும். ஸ்க்ரூவுக்கு இரும்பே தொடாது, எர்த் கிடைக்காது. கதவைத் திறந்தாலும் அலாரத்துக்குச் சேதி போகாது. அந்த ஸ்க்ரூ உட்கார்ற இடத்தை மட்டும் உப்புத்தாள் வச்சு சுரண்டிவிட்டா சரி.

மீட்டர் வைக்கிறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. எல்லாரும் கருப்பு முனையை எர்த்ல வச்சு, சிவப்பு முனையால வயரைத் தொடுவாங்க. மூடினா 12, திறந்தா 0. ஆனா உள்ள அறுந்து எதுலயும் சேராம தொங்குற வயரும் 0தான் காட்டும்! அதனால நான் மாத்தி வைப்பேன். சிவப்பை எப்பவும் 12 வோல்ட் இருக்கிற இடத்துல, கருப்பைச் சந்தேகப்படுற வயர்ல. கதவைத் திறந்தா 12 காட்டணும். காட்டினா, அந்த வயர் உண்மையிலேயே எர்த்தைத் தொட்டிருக்குன்னு அர்த்தம். மூணு கதவை மூடி ஒண்ணை மட்டும் திறந்து, ஒவ்வொண்ணா பாருங்க.

அப்படிப் பார்க்கும்போது சில வண்டியில டிரைவர் கதவு வயர் தனியா, மத்த கதவு வயர் தனியா வரும். சாவி உள்ளயே இருக்கு, ஹெட்லைட் எரியுதுன்னு பீப் அடிக்கிறது டிரைவர் கதவுக்கு மட்டும்தானே. அதுக்காகப் பிரிச்சிருப்பாங்க. ரெண்டையும் அப்படியே சேர்த்து முறுக்கினா, பின்னாடி பாட்டி இறங்கும்போது முன்னாடி பஸ்ஸர் அடிக்கும். இங்கதான் டயோடு. 1என்4007, ஒண்ணு ரெண்டு ரூபாய். ஒவ்வொரு கதவு வயருக்கும் ஒண்ணு. நெகட்டிவ் டிரிகர்னா, டயோடுல இருக்கிற வெள்ளிக் கோடு கதவைப் பார்த்து இருக்கணும். கோடு இல்லாத முனைங்க எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து அலாரத்துக்குப் போகணும். பாசிட்டிவ்னா அப்படியே உல்டா. திருப்பி மாட்டினா ஒண்ணும் வெடிக்காது, ஆனா அந்தக் கதவு ஊமையாகிடும்.

சில அடிமட்ட மாடல்ல பின்கதவுக்கு சுவிட்சே இல்லாம வரும். அதுக்கு நாமதான் தூண்ல ஓட்டை போட்டு புதுசா வைக்கணும். தண்ணி வழிஞ்சு ஓடுற பள்ளத்துல போடாதீங்க. போட்ட ஓட்டையோட ஓரத்துல பிரைமர் தடவுங்க, இல்லேன்னா துரு அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கும். கதவு மூடினா எவ்ளோ இடைவெளி இருக்குன்னு பார்க்க ஒரு உருண்டை சப்பாத்தி மாவை அந்த இடத்துல ஒட்டி, கதவை மூடித் திறங்க. மாவு நசுங்கி எவ்ளோ தடிமன் மிஞ்சியிருக்கோ, அதுதான் குமிழுக்குக் கிடைக்கிற இடம். குமிழ் நல்லா உள்ள போகணும். நுனியில மட்டும் அமுங்கினா, பக்கத்துல லாரி போனாலே கதவு அதிர்ந்து அலாரம் கத்தும்.

வயர் சேர்க்கிற இடத்துல ஸ்காட்ச்லாக் கிளிப் போடாதீங்கன்னு நான் கெஞ்சிக் கேட்டுக்குறேன். வயரைக் கடிச்சுப் பிடிக்கிற அந்த கிளிப், கடற்கரை ஊர்ல ரெண்டு மழைக்குத் தாங்காது. உள்ள பச்சை பூத்துடும். சால்டரிங் பண்ணி, மேல ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்க. கருப்பு டேப் நம்ம வெயில்ல உருகி, பிசுபிசுன்னு அவிழ்ந்துடும். இதையெல்லாம் பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டிட்டுத்தான் செய்யணும். மஞ்சள் உறை போட்ட வயர், மஞ்சள் கனெக்டர் எது கண்ணுல பட்டாலும் கை வைக்காதீங்க. அது ஏர்பேக்.

புது காரா? மேல சொன்ன பாதி பொருந்தாது. கதவு சுவிட்ச் பெரும்பாலும் தூண்ல இருக்காது, லாக்குக்குள்ளேயே இருக்கும். (ஸ்க்ரூடிரைவரால லாக் நாக்கைத் தள்ளினா, கதவு திறந்திருக்கும்போதே மூடினதா வண்டி நம்பும். அப்படி டெஸ்ட் பண்ணலாம். முடிச்சதும் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவிச்சிடுங்க, மறந்து அறைஞ்சு மூடினா லாக் உடையும்.) ரூம் லைட்டும் உடனே அணையாது, மெதுவா மங்கி அணையும். அங்கேர்ந்து டோர் வயர் எடுத்தா, நீங்க லாக் பண்ணும்போது கதவு இன்னும் திறந்திருக்குன்னு அலாரம் நினைக்கும். லாக்குலேர்ந்து பிசிஎம்முக்கு (கதவு, லைட்டெல்லாம் பார்த்துக்கிற கன்ட்ரோல் பெட்டி) போற வயர்தான் சரியான இடம். இன்னும் புதுசுன்னா அந்தச் சேதியெல்லாம் கேன் பஸ்ல (வண்டிக்குள்ள இருக்கிற கன்ட்ரோல் பெட்டிங்க பேசிக்கிற லைன்) எண்களா ஓடும். அதுக்கு அந்த மாடலுக்குன்னே இருக்கிற கேன் மாட்யூல்தான் வேணும்.

இந்த வண்டிங்கள்ல 21 வாட் இண்டிகேட்டர் பல்புல ரெண்டு வயர் கட்டின டெஸ்ட் லாம்ப்போட யாராவது வந்தா, தயவுசெஞ்சு நிறுத்துங்க. அது கிட்டத்தட்ட ரெண்டு ஆம்பியர் இழுக்கும். பழைய டோர் சுவிட்ச் அதைத் தாங்கும். பிசிஎம்ல இருக்கிற சின்ன டிரான்சிஸ்டர் தாங்காது. மீட்டர் வச்சிருக்கிற ஆளைத் தேடுங்க. அண்ணே, டோர் வயரை எங்கேர்ந்து எடுப்பீங்கன்னு வேலைக்கு முன்னாடியே கேளுங்க. ரூம் லைட்லேர்ந்துன்னு பதில் வந்தா, நன்றி சொல்லிட்டு அடுத்த கடைக்குப் போங்க.

வேலை முடிஞ்சப்புறம், எந்தக் கதவுக்கு எந்தக் கலர் வயர், டயோடு எங்க ஒளிஞ்சிருக்கு, ரெசிஸ்டர் எங்க இருக்குன்னு ஒரு சீட்டுல எழுதி, ஆர்.சி. நகலோட டேஷ்போர்டுல வச்சிடுங்க. மாமா கார்ல சீட்டு வச்சாச்சு. சைரன் வயரையும் திரும்ப மாட்டியாச்சு.